சுதந்திரமும் சந்தோஷமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைத் தீவுக்குள் செல்பவர் சாட்டியின் வெண்மணற் கரையை அடைகிறார். அங்கே சிந்தாத்திரை மாதா ஆலயம் இருக்கிறது. சிந்து என்றால் கடல். கடல் யாத்திரைக்குத் துணை நிற்கும் தாய் என்பது பொருள். போர்த்துக்கேய மாலுமிகள் ‘நல்ல பிரயாணத்தின் மாதா’ என்று வணங்கிய அன்னைக்குத் தமிழ் சூட்டிய பெயர் இது. இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவன் என்றால் வலையோடு போகிறவன், அல்லது தோணியில் சரக்கேற்றிப் போகிறவன். உல்லாசத்துக்காகக் கடலிற் போகும் மனிதரை வடபகுதிக் கரைகள் அண்மைக்காலம் வரை கண்டதில்லை.

2023 ஜூன் மாதத்தில் அதுவும் நேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரெஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அத்தகைய கப்பலைக் காணும் எவருக்கும் மேல்தளத்தில் நிற்கும் பிரயாணிகளே கண்ணில் படுகிறார்கள். கீழ்த்தளங்களில் படுக்கை விரிப்பவரும், தட்டெடுப்பவரும், கழிவறை துடைப்பவரும் படுவதில்லை. அவர்களுடைய சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? கப்பல் முதலாளி என்று பதில் சொல்லுவோம். பெரும்பாலும் அது தவறான பதில். அமெரிக்கப் பிரயாணிகளை ஏற்றும் கப்பல்கள் சிலவற்றில், அறைப் பணியாளருக்கு நிறுவனம் தன் கையிலிருந்து கொடுத்த மாதச் சம்பளம் நீண்ட காலம் 50 டாலராகவே இருந்தது. மிகுதி முழுவதும் பிரயாணியின் கையிலிருந்து வந்தது. அதைத்தான் ‘டிப்ஸ்’ என்கிறார்கள்.

இலங்கையில் இதற்குச் ‘சந்தோஷம்’ என்று பெயர். சிங்கள மக்களும் அதே சொல்லையே வழங்குகிறார்கள். கொடுப்பவன் தன் சந்தோஷத்துக்குக் கொடுப்பது. அவன் முகம் சுளித்தால் இல்லை. இந்தச் சொல்லுக்கு நேர் எதிரான ஒரு பழஞ்சொல்லும் நம் மொழியில் உண்டு. கிராமத்தில் தச்சர், கொல்லர், காவற்காரர் முதலியோருக்கு விளைச்சலிலிருந்து களத்திலேயே அளந்து கொடுத்த தானியத்துக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். கம்பனி ஆட்சிக்காலத்துத் தமிழக வருவாய்ப் பதிவேடுகளில் இச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. தேச விடுதலையைக் குறிக்குமுன், உழைத்தவன் உரிமையாகப் பெறும் பங்கையும் அது குறித்தது.

பழைய கிராமத்தைப் பொன்னுலகமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. யாழ்ப்பாணத்துக் குடிமை முறை எத்தகையது என்பதை நம் வாசகர் அறிவர். அடிமை முறை 1844ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்த பின்னரும், கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் கைகட்டி நின்று, கொடுத்ததை வாங்கிச் சென்ற குடும்பங்கள் எத்தனை! அங்கே உரிமையும் பிச்சையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. ஆயினும் கடற்கரையில் வேறொரு வழக்கமும் இருந்தது. மீன் விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சியது வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்காகப் பிரிந்தது. சம்மாட்டிமார் கணக்கில் கைவைத்ததும் உண்டு. முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டதும் உண்டு. ஆனால் தன் பங்கைக் கேட்பதற்காக எந்த மீனவனும் எவரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கவில்லை.

சிரிப்பையே சம்பளத்துக்கு நிபந்தனையாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜோர்ஜ் புல்மன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த கையோடு, 1867ஆம் ஆண்டில் அவர் படுக்கை வசதியுள்ள ரயில் வண்டிகளுக்கான கம்பனியை நிறுவினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களையே வண்டிப் பணியாளராக அமர்த்தினார். சம்பளம் சொற்பம், பிழைப்பு பிரயாணியின் காசில். பெற்றோர் இட்ட பெயர் எதுவாயினும் பிரயாணிகள் அவர்களை ‘ஜோர்ஜ்’ என்றே அழைத்தார்கள். அடிமைக்கு எசமானின் பெயரை வைக்கும் வழக்கத்தின் எச்சம் அது. 1915ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில் உறவு ஆணைக்குழு விசாரித்தபோது, அவர்களுடைய மாதச் சம்பளம் 27 டாலர் 50 சதம் என்று வெளிப்பட்டது. அந்த விசாரணையில் கம்பனியின் சார்பில் சாட்சி சொன்னவர் யார்? அதன் தலைவரான ரொபர்ட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன்! சரித்திரம் சிலவேளை நாடகாசிரியர்களையும் வெட்கப்படச் செய்கிறது. பின்னர் 1925ஆம் ஆண்டில் அப்பணியாளர்கள் பிலிப் ரன்டொல்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். கம்பனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கடலிலும் கதை வேறன்று. 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக்கில் ஒரு பரிமாறுபவரின் மாதச் சம்பளம் ஏறக்குறைய 3 பவுண் 15 ஷில்லிங். முதல் வகுப்புப் பிரயாணியின் இனாமை நம்பியே குடும்பம் நடந்தது. கப்பல் மூழ்கிய கணத்தோடு அவர்களுடைய சம்பளக் கணக்கும் மூடப்பட்டது; அதுவே அன்றைய சட்டம். கப்பல் உடைந்தாலும் மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம் வரை ஈடு கிடைக்க வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1920ஆம் ஆண்டில்தான் பிறந்தது. பிரித்தானியக் கப்பல்களில் ‘லஸ்கார்’ எனப்பட்ட நம் நாட்டுக் கடலோடிகளுக்கோ வெள்ளையரின் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியே கிடைத்தது.

அதன்பின் முதலாளிகள் கொடியை மாற்றிக்கொள்ளும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, 1922ஆம் ஆண்டில் இரண்டு பிரயாணிக் கப்பல்கள் மது விற்பதற்காகவே பனாமாக் கொடியை ஏற்றின. மதுவுக்காக ஏற்றிய கொடி சம்பளத்தைக் குறைக்கவும் உதவும் என்பது விரைவில் விளங்கிவிட்டது. பனாமா, பஹாமாஸ், லைபீரியா ஆகிய நாடுகளின் கொடிகளை இன்று கடலெங்கும் காண்கிறோம். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948ஆம் ஆண்டு முதல் இதை எதிர்த்துப் போராடி வருகிறது. 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, உறைவிடம், ஓய்வு நேரம், வீடு திரும்பும் செலவு ஆகியவற்றுக்கு விதி செய்தது. நல்லதே. ஆனால் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து போகும் அறைப் பணியாளரின் வருமானத்தில் பெரும்பகுதி இன்னும் பிரயாணியின் இனாம்தான்.

இப்போது அந்த இனாமும் கைக்குக் கை கொடுப்பதாக இல்லை. பெரிய நிறுவனங்கள் பல, ஒவ்வொரு பிரயாணியின் கணக்கிலும் நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை தாமாகவே சேர்த்துவிடுகின்றன. டிக்கட் விலையில் அதைச் சேர்த்துச் சம்பளமாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தால் டிக்கட்டின் விளம்பர விலை உயர்ந்து தெரியும். தவிரவும், தொழிலாளிக்கு அது உரிமையாகிவிடும். இனாம் என்றால் பிரயாணி வரவேற்பு மேசைக்குப் போய் நீக்கச் சொல்லலாம். கடல் கொந்தளித்ததற்காகவும், உணவு ருசிக்காததற்காகவும் நீக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கடல் கொந்தளித்தால் அறை துடைப்பவர் என்ன செய்வார்?

முற்போக்கு எண்ணமுள்ள நண்பர் சிலர், “இனாம் மனிதனை இழிவுபடுத்துகிறது, ஆகவே நாம் கொடுப்பதில்லை” என்கிறார்கள். முதற் பாதி உண்மை. 1936ஆம் ஆண்டில் பார்சலோனாவைத் தொழிலாளர் தம் கையில் எடுத்தபோது அங்கே இனாம் தடைசெய்யப்பட்டது. உணவகங்கள் பலவற்றை ஊழியரே நடத்தினர் என்பதால் அது பொருளுடையதாயிற்று. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1909ஆம் ஆண்டிலும், பின்னர் வேறு சில மாநிலங்களும் இனாமைச் சட்டத்தால் தடுத்தன. 1926ஆம் ஆண்டுக்குள் அவை எல்லாம் நீங்கிப்போயின. சம்பளத்தை உயர்த்தாமல் இனாமை மட்டும் நிறுத்தினால் நட்டப்படுகிறவன் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொள்கையின் பெயரால் பையை மூடிக்கொள்ளும் நண்பர், தொழிலாளியின் செலவில் கொள்கை நடத்துகிறார். இருக்கும் ஏற்பாடு இருக்கும்வரை கொடுப்பதே முறை. ஏற்பாட்டை மாற்றுவது சங்கத்தின் வேலை, அச்சங்கத்துக்குத் தோள் கொடுப்பது நம் வேலை.

தீவகத்தார் பரிமாறும் தொழிலில் அதிகம் பழகியது கப்பலிலன்று. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் தாம் நடத்திய சாப்பாட்டுக் கடைகளிலே. 1983ஆம் ஆண்டுக்குப் பின் அவர்களுள் பலர் பாரிஸ் நகர உணவகங்களின் சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘கோப்பை கழுவுதல்’ என்ற தொடர் தீவகத்து வீடுகளில் ஒரு தொழிற்பெயராகவே ஆகிவிட்டது. பிரான்ஸ் நாட்டில் இனாமைப் பற்றிய சட்டம் பழையது. முதலாளி பரிமாறுதலுக்கென்று வசூலிக்கும் பணம் முழுவதையும் ஊழியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1933 ஜூலையில் விதித்தார்கள். 1987ஆம் ஆண்டு முதல் பட்டியலிற் காட்டும் விலை பரிமாறும் கட்டணமும் அடங்கியதாகவே இருக்க வேண்டுமென்றும் ஆயிற்று. தொழிலாளர் போராடிப் பெற்ற பாதுகாப்புக்கள் இவை. ஆனால் அந்த ஊழியர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு வரையறை கூறுகிறது: வாடிக்கையாளரோடு நேர்த்தொடர்பு உள்ளவர். சமையற்கட்டின் கதவுக்குப் பின்னால், கொதிநீரில் கை ஊறி நிற்பவர் வாடிக்கையாளரைக் காண்பதில்லை. அவர் கழுவிய கோப்பையை மேசையில் வைக்கிறவருக்கே அந்தக் காசு.