நீரில் பூச்சிமருந்து எச்சம் அளத்தல்

குடிநீரில் மிக நுண்ணிய அளவில் கலந்த பூச்சிமருந்தைக் கண்டறியும் வேதிப் பகுப்பாய்வு. 2003 பிப்ரவரியில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், புட்டிநீரில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் கலந்திருப்பதை வெளியிட்ட பிறகே, மருந்து ஒன்றுக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்தம் 0.0005 என்ற வரம்பு புட்டிநீருக்கு வந்தது.

மாதிரி எடுப்பதிலேயே பிழை நேரலாம். பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியே ஏற்றது. பிளாஸ்டிக்கில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் வைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொல்லிமலையின் குண்டூர் நாடு போன்ற சரிவு நிலங்களில், மருந்தடித்தபின் பெய்யும் முதல் மழையின் ஓடைநீரைக் கட்டாயம் எடுக்க வேண்டும். வறண்ட நாள் மாதிரி மட்டும் போதாது.

ஆய்வகத்தில் ஒரு லிட்டர் நீரிலுள்ள மருந்தைக் கரைப்பானில் பிரித்து 1 மில்லிலிட்டராகச் சுருக்கினால் செறிவு ஆயிரம் மடங்காகும். வாயு நிறப்பகுப்பி அதைப் பிரித்துக் காட்டும். அது எந்த மருந்து என்பதை நிறை நிறமாலைமானி உறுதிசெய்யும்.