கையெழுத்துக் குறிப்பு (மின்னாவணம்)

பிடிஎஃப் போன்ற கோப்பின் பக்கத்தில் ஸ்டைலஸ், விரல் அல்லது மவுஸால் நேரடியாக எழுதவும் வட்டமிடவும் உதவும் வசதி. பிடிஎஃபின் 1.3 பதிப்பிலிருந்து இது ‘இங்க்’ என்னும் தனிக் குறிப்பு வகை. சேத்தியாத்தோப்பில் ஒருவர் தம் வயலின் புலப்படத்தைப் போனில் திறந்து, வரப்பின் மேல் ‘இங்கே’ என்று விரலால் எழுதுவதாகக் கொள்வோம். கோப்பில் பதிவது சொல்லன்று. விரல் சென்ற புள்ளிகளின் ஆயத்தொலைவுகள். அதனால் எழுத்துரு தேவையில்லை. பாமினி, டிஸ்கி என்று ஒன்றோடொன்று ஒவ்வாத குறியாக்கங்களால் தமிழைப் பாடாய்ப்படுத்திய சிக்கல் இதைத் தொடவேயில்லை. ஆனால் ‘இங்கே’ என்று தேடினால் அகப்படாது. குறிப்பு பக்கத்தோடு கலவாமல் தனியாக நிற்பதால், அழித்தாலும் மூலப்படம் கெடாது. ஓலையில் எழுத்தாணி கீறியது அப்படிப் போகாது. குறிப்பையும் பக்கத்தையும் அச்சுப்பிரதிபோல் ஒன்றாக்கிச் சேமித்துவிட்டால் மட்டும் பிரிப்பது கடினம்.