ஒரே கட்டத்துக்குள் இரண்டு மருந்துகள்: மாதவிடாய் நிறுத்தத்துக்குப் பிந்தைய யோனி வறட்சியும் ஈஸ்ட்ரோஜன் எச்சரிக்கையும்

2022 ஜூலையில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு முடிவை அறிவித்தது. எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் 10 மைக்ரோகிராம் அடங்கிய யோனி மாத்திரையை, ‘ஜினா’ என்ற பெயரில், மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். வயது 50 நிரம்பியிருக்க வேண்டும், மாதவிடாய் நின்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், மருந்தாளுநரின் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே ஆண்டில், அதே மருந்து, அதே அளவில், அமெரிக்காவில் கட்டமிட்ட எச்சரிக்கையோடு விற்பனையில் இருந்தது. கருப்பை உட்படலப் புற்றுநோய், இதய-ரத்தக்குழாய் நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் ஆகிய நான்கும் அந்தக் கட்டத்துக்குள் இடம்பெற்றிருந்தன. வறட்சியும் எரிச்சலும் தாளாமல் மருந்து வாங்கிவந்த பெண் முதலில் படிப்பது அதைத்தான். படித்ததும் மருந்தை அலமாரியில் வைத்துவிட்ட பெண்களைப் பற்றி மகப்பேறு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இரு நாடுகளின் முன்னும் இருந்த ஆய்வுச் சான்றுகள் ஒன்றே. முடிவுகள் இவ்வளவு விலகியதற்குக் காரணம், மருந்தின் ஆபத்தை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பெயரோடு கட்டிப்போட்டதே. ஆபத்து மருந்தின் பெயரில் இல்லை. உடலுக்குள் செல்லும் அளவில், செல்லும் வழியில், பெறுகிற பெண்ணின் உடல்நிலையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எச்சரிக்கை அளவுக்கு மீறிய இடத்துக்கு மட்டுமல்ல, உண்மையிலேயே எச்சரிக்கை தேவைப்படும் இடத்துக்கும் இதுவே அளவுகோல்.

கட்டம் வந்த வழியைப் பார்த்தால், அது காரணமின்றி வந்ததல்ல என்பது தெரியும். குதிரைச் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட கூட்டு ஈஸ்ட்ரோஜனான ‘பிரிமரின்’ 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் எழுதிய ‘ஃபெமினின் ஃபாரெவர்’ என்ற நூல் மாதவிடாய் நிறுத்தத்தையே குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, அந்த மாத்திரையை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1975இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள், புரோஜஸ்டோஜன் என்ற இணை ஹார்மோனின் துணையின்றி ஈஸ்ட்ரோஜன் உட்கொண்ட பெண்களிடம் கருப்பை உட்படலப் புற்றுநோய் பல மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டின. பெண்கள் ஒருமுறை ஏமாற்றப்பட்டவர்கள். அதற்குப் பின் வந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது.

2002 ஜூலையில் அந்த அச்சம் உச்சத்தைத் தொட்டது. ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பேராய்வின் ஒரு பகுதி, 16,608 பெண்களைச் சராசரியாக 5.2 ஆண்டுகள் கவனித்தபின் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 0.625 மில்லிகிராம் கூட்டு ஈஸ்ட்ரோஜனும் 2.5 மில்லிகிராம் மெட்ராக்ஸிபுரோஜஸ்டிரோனும் தினமும் வாய்வழி கொடுக்கப்பட்டவர்களிடம், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களுக்கு எட்டுப் பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோயும், எட்டுப் பேர் என்ற கணக்கில் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டன. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. மறதிநோய் பற்றிய முடிவோ 65 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் நடத்திய துணை ஆய்விலிருந்து வந்தது. யோனி வழி மருந்து இந்தப் பரிசோதனையில் சோதிக்கப்படவே இல்லை. ஆனாலும் 2003இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மாத்திரை, பட்டை, க்ரீம், யோனி வளையம் என்று ஈஸ்ட்ரோஜன் பெயர் தாங்கிய எல்லாவற்றின் மீதும் ஒரே எச்சரிக்கையைப் பதித்தது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 மைக்ரோகிராம் யோனி மாத்திரையை முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வைத்தால், ஓராண்டில் மொத்தம் 1.14 மில்லிகிராம் எஸ்ட்ராடையால் உள்ளே போகிறது. வாய்வழி எஸ்ட்ராடையாலின் சாதாரண மாத்திரை ஒன்றிலேயே 1 மில்லிகிராம் இருக்கிறது. ஓராண்டின் யோனி மருந்து, ஏறத்தாழ ஒருநாள் மாத்திரை. அதிலும் யோனி மருந்து நேரடியாகத் திசுவில் படிகிறது. ரத்தத்தில் எஸ்ட்ராடையால் அளவு பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்ணின் இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கிறது. முதல் ஓரிரு வாரங்களில், மெலிந்த படலத்தின் வழியாகச் சற்று மிகுதியாக உறிஞ்சப்படுகிறது. படலம் தடித்ததும் அது குறைந்துவிடுகிறது. இந்தத் தொடக்க வாரங்களைக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன நேர்கிறது? யோனி, சிறுநீர்த் தாரை, சிறுநீர்ப்பையின் அடித்தளம் ஆகிய மூன்றும் கருவளர்ச்சியில் நெருங்கிய உறவுடையவை. மூன்றும் ஈஸ்ட்ரோஜனை எதிர்பார்த்து வாழ்பவை. அது குறைந்ததும் படலம் மெலிகிறது, ரத்த ஓட்டம் குன்றுகிறது, உயிரணுக்களில் கிளைக்கோஜன் குறைகிறது. கிளைக்கோஜனை நம்பி வாழும் லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிர்கள் மறைகின்றன. அவை உண்டாக்கிய லாக்டிக் அமிலம் இல்லாமல், 4.5க்குள் இருந்த அமிலகார எண் 5ஐத் தாண்டுகிறது. குடலிலிருந்து வரும் கிருமிகளுக்கு வாசல் திறக்கிறது. உடலுறவில் வலி, சிலருக்கு உட்காரும்போதே எரிச்சல், அடக்க முடியாத சிறுநீர் அவசரம், மீண்டும் மீண்டும் நீர்க்கடுப்பு. 2014இல் இரண்டு மருத்துவ அமைப்புகள் கூடி, ‘யோனி மெலிவு’ என்ற பழைய பெயரை விட்டுச் சிறுநீர்ப் பாதையையும் சேர்த்துக்கொண்ட புதிய பெயரை ஏற்றது இந்த உடலியல் உண்மையை ஒப்புக்கொண்டதால்தான். உடல் திடீரெனக் கொதிக்கும் வெப்ப அலைகள் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். இந்தத் தொல்லை தணியாது, வயதோடு வளரும்.

நம் ஊரில் நீர்க்கடுப்பு வந்தால் ‘சூடு’ என்பார்கள்; இளநீரும் மோரும் கொடுப்பார்கள். தண்ணீர் உடலுக்கு நல்லதுதான். ஆனால் அறுபது வயதுப் பெண்ணுக்கு மாதந்தோறும் நீர்க்கடுப்பு வந்து, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதித் தரப்பட்டால், நோயின் வேரை யாரும் தொடவில்லை என்று பொருள். ராஸ், ஸ்டாம் இருவரும் 1993இல் வெளியிட்ட பரிசோதனையை ஒவ்வொரு பொதுமருத்துவரும் படித்திருக்க வேண்டும் என்பேன். தொற்று அடிக்கடி வந்த, மாதவிடாய் நின்ற 93 பெண்களில் ஒரு பாதியினருக்கு எஸ்ட்ரியால் க்ரீமும் மறுபாதியினருக்கு வெறும் க்ரீமும் யோனியில் தடவத் தரப்பட்டன. வெறும் க்ரீம் பெற்றவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் பெற்றவர்களுக்கு 0.5 முறை. லாக்டோபாசில்லஸ் திரும்பிவந்தது, அமிலகார எண் இறங்கியது. எஸ்ட்ரியால் க்ரீம் இந்திய மருந்துக்கடைகளில் நெடுங்காலமாகக் கிடைக்கிறது. முதிய பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. மருந்து தராமல் இருப்பதும் ஒரு மருத்துவ முடிவுதான். அதற்கும் விளைவுகள் உண்டு. அவற்றை எந்தக் கட்டமும் எழுதுவதில்லை.

பாதுகாப்புச் சான்று என்ன? எச்சரிக்கைக்குக் காரணமான அதே ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ திட்டத்தின் கண்காணிப்புப் பிரிவில் இருந்த 45,663 பெண்களின் தரவை 2018இல் கிராண்டல் குழு வெளியிட்டது. யோனி ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களிடம் மார்பகம், கருப்பை உட்படலம் ஆகியவற்றின் புற்றுநோயோ, பக்கவாதமோ, ரத்த உறைவோ கூடியிருக்கவில்லை. இது கண்காணிப்பு ஆய்வுதான். சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனை அன்று. அந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டத்துக்கு ஆதரவாக அந்த அளவுச் சான்றுகூட இல்லை. யோனி மருந்துகளிலிருந்து கட்டத்தை நீக்கக் கோரி, வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் மனு கொடுத்தது. நிர்வாகம் 2018இல் மறுத்தது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. 2018இல் வெளியான ஒரு பரிசோதனையில் 302 பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 12 வாரம் கவனிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடையால், ஒன்றுக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பதமூட்டி, மற்றொன்றுக்கு மருந்தற்ற மாத்திரையும் ஜெல்லும். மூன்றிலும் முதன்மைத் தொல்லை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. இதைக் காட்டி ‘ஈஸ்ட்ரோஜன் வீண்’ என்பவர்கள் உண்டு. மருந்தற்றது என்று தரப்பட்ட ஜெல்லும் உண்மையில் ஒரு மசகுதான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று அந்தப் பரிசோதனையின் கேள்வியும் அன்று. எனினும் அதிலிருந்து பெறவேண்டிய பாடம் உண்டு: வறட்சியும் லேசான வலியும் மட்டும் இருப்பவருக்கு, விலை குறைந்த மசகும் ஈரப்பதமூட்டியும் முதல் படியாகப் போதும். அப்படி வாங்கும்போதும் தேர்வு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மசகின் சவ்வூடுபரவல் செறிவு கிலோகிராமுக்கு 1,200 மில்லிஆஸ்மாலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதிகச் செறிவு திசுவின் நீரை உறிஞ்சி எரிச்சலைக் கூட்டும். சோப்பும் கிருமிநாசினித் திரவமும் இந்தப் பகுதிக்கு ஆகாதவை. தேங்காயெண்ணெய் பலருக்கு இதமாக இருக்கலாம்; ஆணுறை பயன்படுத்தும் வீட்டில் அது ரப்பரைப் பலவீனப்படுத்தும்.

யோனி ஈஸ்ட்ரோஜனின் பக்கவிளைவுகளையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் எரிச்சல், வெள்ளைப்படுதல், மார்பில் கனம். சிலருக்குப் பூஞ்சைத் தொற்று. ஈஸ்ட்ரோஜன் திரும்பிய திசுவில் பூஞ்சைக்கும் உணவு திரும்புகிறது. க்ரீம் என்றால் அளவு முக்கியம்: செலுத்தியில் குறித்த கோட்டைத் தாண்டிப் பிதுக்கினால் ‘குறைந்த அளவு’ என்ற பாதுகாப்பே போய்விடும். இந்தக் குறைந்த அளவுக்குப் புரோஜஸ்டோஜன் சேர்க்கத் தேவையில்லை என்பது பெரும்பாலான வழிகாட்டிகளின் நிலை. ஆனால் மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை மருந்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்துக் கருப்பை உட்படலத்தைப் பார்க்கவேண்டும். இதே தொல்லைக்குத் தரப்படும் ‘ஆஸ்பெமிஃபீன்’ என்ற வாய்வழி மாத்திரை வெப்ப அலைகளைக் கூட்டக்கூடும். கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம்: 2018இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது, 2021இல் 85 பெண்களிடம் நடந்த ஆஸ்திரேலியப் பரிசோதனையில், லேசர் பெற்றவர்களுக்கும் போலி லேசர் பெற்றவர்களுக்கும் ஓராண்டுக்குப்பின் வேறுபாடு இல்லை. அதை விலை உயர்ந்த ‘புத்துயிர்’ சிகிச்சையாக விற்பதை நான் ஏற்கவில்லை.

2025 நவம்பர் 10 அன்று அமெரிக்க நிர்வாகம், மார்பகப் புற்றுநோய், இதய-ரத்தக்குழாய் நோய், மறதிநோய் பற்றிய கட்ட எச்சரிக்கைகளை நீக்கும் பணியைத் தொடங்குவதாக அறிவித்தது. யோனி மருந்தைப் பொறுத்தவரை இது இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமான நீதி. ஆனால் அறிவித்த முறையில் பழைய பிழையே மறுதிசையில் திரும்புகிறது. 2003இல் மாத்திரையின் ஆபத்தை யோனி மருந்தின் மீது ஏற்றினார்கள். இப்போது யோனி மருந்தின் பாதுகாப்பின் நிழலில் மாத்திரையும் வெளியே வருகிறது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்த உறைவைத் தூண்டும் இயல்பு அப்படியே இருக்கிறது. கல்லீரல் வழியே போகிற எந்த ஈஸ்ட்ரோஜனுக்கும் அது உண்டு. அறுபதைக் கடந்தபின் முதன்முறையாகத் தொடங்குபவருக்குக் கணக்கே வேறு. அளவையும் வழியையும் பிரித்துச் சொல்லாத எந்த அறிவிப்பும், நல்ல நோக்கத்தோடு வந்தாலும், பெண்ணைக் குழப்பத்தில் விட்டுவிடும்.

அந்தப் பிரிப்பு உயிர்போகும் விஷயமாக மாறும் இடம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை. அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் போன்ற அரோமடேஸ் தடுப்பிகள் உடலில் எஞ்சிய ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடுகின்றன. அதனால் வறட்சி கடுமையாகிறது, சிலர் அதைத் தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பெண்களிடம் யோனி ஈஸ்ட்ரோஜனைப் பற்றி எப்படிப் பேசுவது? ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 49,237 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு, அதைப் பயன்படுத்தியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கூடவில்லை என்றது. டென்மார்க்கில் 8,461 பேரிடம் நடந்த ஆய்வும் மொத்தத்தில் அதையே கண்டது. ஆனால் அரோமடேஸ் தடுப்பி எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் விகிதம் 1.39 மடங்காக இருந்தது. இறப்பு கூடவில்லை. இந்த எண்ணை நான் ஒதுக்கமாட்டேன், ஏனெனில் அது உடலியலோடு பொருந்துகிறது. அரோமடேஸ் தடுப்பி வேலை செய்வது ஈஸ்ட்ரோஜன் அளவை அடிமட்டத்துக்கு இறக்கித்தான். தொடக்க வாரங்களில் மெலிந்த படலம் உறிஞ்சும் சிறிது எஸ்ட்ராடையாலும் அங்கே கணக்கில் வரும். 2006இல் பழைய 25 மைக்ரோகிராம் மாத்திரையைப் பயன்படுத்திய ஏழு பெண்களிடம், ரத்த அளவு இரண்டே வாரத்தில் லிட்டருக்கு 5 பிகோமோலுக்குக் கீழிருந்து சராசரி 72க்கு ஏறியது. தமாக்ஸிஃபென் என்ற மற்றொரு மார்பகப் புற்றுநோய் மருந்தை எடுப்பவரின் நிலை வேறு: அங்கே மருந்து ஏற்பியையே அடைத்து நிற்பதால், ரத்தத்தில் கசியும் சிறு அளவு எளிதில் போய் ஒட்ட முடியாது.

ஆகவே புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் தனித்தனியே ‘கூடாது’, ‘தரலாம்’ என்று முடிவு சொல்வதால் நோயாளிக்குப் பயனில்லை. முதலில் ஈரப்பதமூட்டி, வலிக்கும் இடத்தில் தடவும் லிக்னோகைன், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அவை போதாமல் வாழ்க்கை முடங்கினால், அரோமடேஸ் தடுப்பியிலிருந்து தமாக்ஸிஃபெனுக்கு மாறும் வாய்ப்பை அவருடைய கட்டியின் தன்மையோடு வைத்துப் பேசவேண்டும்; அப்படி மாறியவருக்கு மிகக் குறைந்த அளவு யோனி மருந்துக்கான வழி எளிதாகத் திறக்கும். அந்த உரையாடல் தொடங்கக்கூட, ‘கீழே எரியுதா, வலிக்குதா?’ என்று மருத்துவர் முதலில் கேட்கவேண்டும். பெண்களில் பெரும்பாலோர் தாமாக அதைச் சொல்வதில்லை.