முக்குளிப்புக் கணினித் தேர்வில் கணக்கீட்டு முறையின் முதன்மை

ஸ்கூபா முக்குளிப்புக்குக் கணினி வாங்குவோர் திரையின் அளவையும் வண்ணத்தையும், கலனிலுள்ள காற்றின் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதியையுமே முதலில் ஒப்பிடுகின்றனர். ஆனால் நைட்ரஜன் கணக்குக்கு அக்கருவி அளந்தறிவது நீரழுத்தம், நேரம் ஆகிய இரண்டை மட்டுமே. உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்துள்ளது என்பதை ஒரு கணித மாதிரியின் துணையால் ஊகிக்கிறது. எனவே எந்த மாதிரி, அதன் எல்லையைப் பயனர் மாற்ற முடியுமா என்பவையே தேர்வின் முதல் அளவுகோல்கள் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இம்மாதிரிகளின் வேர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இரு துணை ஆய்வாளர்களுடன் 1908இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. ஆடுகளை அழுத்த அறையில் சோதித்த அவர்கள், 5 முதல் 75 நிமிடம் வரை அரைநேரம் (நைட்ரஜன் பாதியளவு நிறைய ஆகும் நேரம்) கொண்ட ஐந்து கற்பனைத் திசுக்களை வைத்து அட்டவணை வகுத்தனர். பின்னர் சூரிச்சில் ஆல்பர்ட் ப்யூல்மன் அதைப் பதினாறு திசுக்களாக விரித்தார். மிக மெதுவான திசுவின் அரைநேரம் 635 நிமிடம். இன்று பல கருவிகள் அவர் மாதிரியையே ‘கிரேடியன்ட் ஃபேக்டர்’ என்னும் இரு எண்களோடு பயன்படுத்துகின்றன. 40/85 என்னும் அமைப்பில் முதல் எண், மேலேறும்போது முதலில் எந்த ஆழத்தில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண்ணின்படி, நீர்மட்டத்தை எட்டும்போது எந்தத் திசுவின் மிகையழுத்தமும் ப்யூல்மன் வகுத்த எல்லையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது. இரண்டாம் எண்ணை 70 ஆக்கினால், நிறுத்தமின்றி மேலேறக்கூடிய நேரம் குறையும், பாதுகாப்பு கூடும். வயதும் களைப்பும் கணினிக்குத் தெரியாத நிலையில், அவற்றைக் கணக்கில் சேர்க்கப் பயனருக்கு உள்ள வழி இதுவே.

மாதிரியை மூடிவைக்கும் கருவிகளில் இந்த வழி மிகக் குறுகலானது. அதன் விளைவைக் காட்ட ஒரு சான்று போதும். ஆழத்திலேயே முதல் நிறுத்தங்களைத் தொடங்குவது நல்லது என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்கக் கடற்படை 52 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தங்கவைத்து, மொத்த நிறுத்த நேரத்தை மாற்றாமல் 390 முக்குளிப்புகளில் இதைச் சோதித்தது. 2011இல் வெளியான அதன் அறிக்கைப்படி, ஆழ நிறுத்தம் செய்தோரிடமே டிகம்ப்ரஷன் நோய் (மேலேறும்போது கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது) மிகுந்தது. அந்நிலைமை 18 மீட்டர்ப் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அறிவு திருந்தும்போது, எண்களை மாற்றக்கூடிய கருவி உடன் திருந்தும். மற்றது உற்பத்தியாளரின் முடிவுக்குக் காத்திருக்கும்.

புதியவர் கையில் இச்சுதந்திரம் ஆபத்து என்பர். இக்கவலை நியாயமானதே, ஆனால் புதியவர் பாதுகாப்பு மிகுந்த அமைப்பை வைத்துக்கொண்டு தொடவேண்டியதில்லை. பூட்டப்பட்ட கருவி இதைவிட மேலானதைத் தருவதில்லை. தரச்சான்றும் இங்கே கைகொடுக்காது: ஐரோப்பாவின் இஎன் 13319 தரநிலை ஆழம், நேரம் ஆகியவற்றின் அளவீட்டைப் பற்றியது, டிகம்ப்ரஷன் கணக்கை அது மதிப்பிடுவதில்லை.

மின்கலத்தைத் தானே மாற்ற முடிவதும், கையுறையோடு பொத்தானை அழுத்த முடிவதும் படகில் பலநாள் தங்குவோருக்கு முக்கியம். ஆனால் அவை இரண்டாம் நிலையே. வாங்குமுன் பயனர் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாதிரியின் பெயரும் அதை மாற்றும் முறையும் அதில் இல்லையென்றால், அக்கருவியை வாங்காதீர்கள்.