பள்ளம் தோண்டிய கிட்டார்

எங்க ஊர் ஓடைப்பட்டியில் கிட்டார் வைத்திருந்த ஒரே ஆள் என் தாய்மாமன்தான். சுத்துப்பட்டுத் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரிக்கு வாசிக்கப் போவார். மற்ற நாளெல்லாம் திராட்சைத் தோட்டம். இந்தப் பள்ளத்தாக்கில் அது ஒரு தொற்று வியாதி மாதிரி. பண்ணைப்புரம் இருக்கிற தாலுகாவிலேயே பிறந்துவிட்டு எனக்கு இசையில் ஆர்வமில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தராவது ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மாமா கிட்டாரைத் தொட்டார்.

2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. சங்கர் மகாதேவன் பெயர் இருந்ததால் நம் ஊர் வாட்ஸப் குரூப்புகள் வரைக்கும் செய்தி வந்தது. குழுவில் கஞ்சிரா வாசிக்கும் செல்வகணேஷ்தான் ‘வெண்ணிலா கபடிக்குழு’வுக்கு இசையமைத்தவர் என்பது கூடுதல் சந்தோஷம். அந்த வேகத்தில் பழைய சக்தியைத் தேடப் போனேன். 1976-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் அவர்கள் வாசித்த வீடியோ கிடைத்தது. வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு மின்னல் மாதிரி வாசிக்கிறார். ஜான் மெக்லாஃப்லின்.

எனக்கு அவரைவிட அந்தக் கிட்டார்மேல்தான் கண் போனது. ஒலித்துளைக்கு மேலே ஆறு தந்திகள் நேராகப் போகின்றன, சரி. அதுக்கு அடியில் இன்னொரு கத்தை தந்தி சாய்வாகக் குறுக்கே போகிறது. எங்க தோட்டத்துப் பந்தலில் நெடுக ஒரு வரிசைக் கம்பியும் குறுக்கே ஒரு வரிசையும் இழுத்துக் கட்டியிருப்போமே, அந்த மாதிரி. கிட்டாரில் இதுக்கு என்ன வேலை? ஸூம் பண்ணினேன். இன்னொரு விஷயமும் தெரிந்தது. கழுத்தில், ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் கட்டை தட்டையாக இல்லை. அலை அலையாகக் குழிந்திருந்தது.

மாமாவிடம் காட்டினேன். “வாசிச்சு வாசிச்சுத் தேஞ்சிருக்கும் மாப்ள. வெறித்தனமா வாசிக்கிறவன் கட்டையெல்லாம் அப்படித்தான் ஆகும்” என்றார். அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. உழைப்பே கட்டையைக் கரைத்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு கிளர்ச்சி வருகிறதே. இரண்டு நாள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதை உடைத்தது ஊரில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவர். செல்போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். “தம்பி, தேய்மானம்னா ஒரு எடத்துல கூட இருக்கும், ஒரு எடத்துல கொறைய இருக்கும். கை அதிகம் போற எடம்னு ஒண்ணு உண்டுல்ல? இது பாரு, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா எறங்கிருக்கு. இது நகவுளி போட்டு எடுத்து, அரத்தால சரிபண்ணி, உப்புத்தாள் போட்டது. செதுக்குனது.” நான் அதற்குப் பிறகு படித்ததில் எதுவும் அவர் சொன்னதற்கு எதிராக இல்லை.

படித்தது இதுதான். மெக்லாஃப்லின் 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவை வைத்துக்கொண்டு, இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிட்டாரில் காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் புகழின் உச்சியில் எலெக்ட்ரிக்கை இறக்கி வைத்துவிட்டு சக்திக்கு வந்தார். முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த நேரடிக் கச்சேரியின் பதிவு. அதில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன். புகழ்பெற்ற பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி.

இந்தக் குழுவுக்காகவே கிப்சன் கம்பெனியின் ஜே-200 என்ற பெரிய உடம்புக் கிட்டாரை அடிப்படையாக வைத்து ஒரு கிட்டார் செய்யப்பட்டது. செய்தவர் ஏப் வெக்டர் என்ற கைவினைஞர். ஆறு வழக்கமான தந்திகள். அடியில் சுமார் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இன்னும் ஏழு தந்திகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 13. கழுத்தில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பள்ளம். எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்.

எதற்குப் பள்ளம்? இங்கேதான் வீணை வருகிறது.

வீணையில் 24 மெட்டுகள். அவை மரத்தில் பதிக்கப்பட்டவை அல்ல. தண்டியின் இரண்டு ஓரத்திலும் கரி கலந்த தேன்மெழுகால் கரை எழுப்பி, அதன்மேல் உலோக மெட்டுகளைப் பதிக்கிறார்கள். அதனால் தந்திக்குக் கீழே தாராளமாக வெற்றிடம் இருக்கிறது. விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, தந்தியையும் மெட்டையும்தான் தொடுகிறது. தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி சுருதி ஏறுகிறது. ஒரே மெட்டில் நின்றுகொண்டு அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். கமகம் அங்கேதான் பிறக்கிறது. தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தி வாசித்தால் அது தோடியே இல்லை என்பார்கள். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கிற மாதிரி வீணையைக் கட்டியிருக்கிறார்கள்.

கிட்டாரில் அந்த இடம் கிடையாது. ஃப்ரெட் குட்டையானது, கீழேயே மரம். தந்தியை அமுக்கியதும் விரல்நுனி மரத்தில் உராய்கிறது, இழுக்கும்போது அந்த உராய்வு பிடித்து நிறுத்துகிறது. ஃப்ரெட்டோ மரத்தில் கீறிய பள்ளத்துக்குள் அடித்து இறக்கப்பட்டது. மெழுகு வைத்து உயர்த்துகிற சமாச்சாரம் இல்லை. மேலே ஏற்ற முடியாவிட்டால் தரையைத்தான் தோண்ட வேண்டும். வெக்டர் செய்து கொடுத்தது அதைத்தான்.

மெக்லாஃப்லினுக்கு வீணை எப்படித் தெரியும்? அவர் வீணை கற்றார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு குட்டி மெட்ராஸே இருந்தது. ராம்நாட் ராகவன் அங்கே சொல்லிக்கொடுத்தார். எல். சங்கர் அங்கே ஆய்வு மாணவர். மெக்லாஃப்லினுக்கு வீணை கற்றுக்கொடுத்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் வாங்கியவர். மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்தவர். யாழும் பண்ணும் தேடிக்கொண்டிருந்த ஒரு மனுஷர், உலகத்தின் வேகமான கிட்டார்க்காரருக்கு வீணையில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதைப் பற்றி நம்மிடம் ஒரு சினிமா அளவுக்காவது பேச்சு இருக்க வேண்டாமா?

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். தலைப்பு: ‘அந்தக் கிட்டார் நம் வீணை’. மூன்று பத்தி எழுதியிருப்பேன். நல்லவேளை, நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் தேடினேன்.

வியட்நாமின் தெற்கே ‘காய் லுவாங்’ என்றொரு இசை நாடகம் உண்டு, நம் ஸ்பெஷல் நாடகம் மாதிரி. அதில் வாசிக்கும் கிட்டாரின் கழுத்தும் இப்படியே தோண்டப்பட்டது. சக்திக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அங்கே அது புழக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களோடு வந்த கிட்டாரை எடுத்துத் தங்கள் பாட்டை வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். தட்டைக் கழுத்தில் அந்த நெளிவுகள் வரவில்லை. தோண்டிவிட்டார்கள். அவர்களுக்கு வீணை தெரியாது, அவர்களிடம் உயரமான மெட்டுகள் வைத்த சொந்த வாத்தியங்கள் இருந்தன. ராக் பக்கம் போனால், டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் தன் எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தைக் குடைந்து வைத்திருந்தார்.

அடுத்து, அந்தச் சாய்வுத் தந்திகள். அதையும் வீணையின் மூன்று தாளத் தந்திகளோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு பாதிதான் பொருந்துகிறது. கிட்டாரை வாசிக்கும் கையே எட்டி மீட்டுகிற இடத்தில் இருப்பதால் தாளத் தந்தி மாதிரி. முக்கியத் தந்திகளுக்கு அடியில் கிடந்து கூடவே அதிர்ந்து ரீங்காரிப்பதால் சிதாரின் தரப் தந்தி மாதிரி. இரண்டும் இல்லாத சாய்வு கிட்டாருக்கே சொந்தம், ஏனென்றால் ஒலித்துளைக்கு மேலே மட்டும்தான் அதற்கு இடம். தெற்கு, வடக்கு, மிச்சிகன் மூன்றும் அந்த ஒரு சாண் பரப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. குழுவும் அப்படித்தானே? கர்நாடக வயலினும் கடமும் ஒருபக்கம், பம்பாய்த் தபலா ஒருபக்கம்.

என் தலைப்பு செத்துப்போனது. வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ‘நம்முடையது’ என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தால் வருகிற சுகம் வேறு. ஆனால் யோசித்துப் பார்த்தால், சொந்தம் கொண்டாடினால் இரண்டு ஆட்கள் மறைந்துபோகிறார்கள். ஒருவர் வெக்டர்: கழுத்தைத் தோண்டும்போது எவ்வளவு ஆழம் போனால் அது வளையாமல் தாங்கும், பதின்மூன்று தந்தியின் இழுவிசையை மேல்பலகை எப்படிப் பொறுக்கும் என்று கணக்குப் போட்டவர். இன்னொருவர் மெக்லாஃப்லினே. வீணையையே வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். தனக்குத் தெரிந்த கருவியைவிட்டு வெளியே போகாமல், அதையே மாற்றச் சொன்னார். அவர் கேட்டது வீணையின் நகலை அல்ல, வீணை கற்ற விரலுக்கு இடம் கொடுக்கும் கிட்டாரை.

மாற்றாமலும் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆர். பிரசன்னா சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார், சறுக்கியும் இழுத்தும் கமகம் கொண்டுவருகிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டார். எல். சங்கர் 1980 வாக்கில் இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட வயலினைச் செய்வித்தார். செய்தவர் கென் பார்க்கர், பின்னால் கிட்டார் செய்வதில் பெரும்பெயர் எடுத்தவர்.

இப்படி வரிசையாகப் பெயர்களை எழுதும்போதுதான் ஒன்று உறுத்தியது. மான்ட்ரோ மேடையில் கையால் செய்த இன்னொரு வாத்தியமும் இருந்தது. விக்கு விநாயக்ராமின் மடியில் இருந்த கடம். கிட்டாரைச் செய்தவர் யார் என்று நான் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். மாடல் எண்கூடத் தெரியும். அந்தப் பானையைத் தட்டித் தட்டிக் கனம் சேர்த்தது எந்தக் கை என்று தேடினால் ஒரு வரி கிடைக்கவில்லை. கடம் செய்வதற்கு மானாமதுரை பேர்போனது, புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. ஊருக்குப் பேர் உண்டு. ஆளுக்கு எங்கே?

வெக்டர் பெயர் எப்படித் தங்கியது என்று பார்த்தால், கிட்டார் பைத்தியங்கள் உட்கார்ந்து ஃபோட்டோவை ஸூம் பண்ணிப் பண்ணித் துருவியதால்தான். ஒரு ஃப்ரெட்டின் கனம் வரைக்கும் சண்டை போடுவார்கள். நாம் பாட்டைத் துருவுவோம், ராகத்தைத் துருவுவோம், பாட்டை எழுதியது யார் என்று மூக்கு வியர்க்கப் பேசுவோம். வாத்தியம் செய்தவரைத் துருவியதில்லை.

போன ஐப்பசியில், தோட்டத்தில் வேலை குறைந்த சமயம், மாமாவின் பழைய கிட்டாரை ஆசாரியிடம் கொண்டுபோனேன். மாமா அரை மனசாகத்தான் கொடுத்தார். “கச்சேரிக்குப் போறதில்ல, என்னமோ பண்ணு.” ஆசாரி நகவுளியைத் தீட்டி, கடைசி எட்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் மட்டும் தோண்டிக் கொடுத்தார். “முழுசாத் தோண்டச் சொல்லாத. மொதல்ல இத வாசிச்சுப் பாரு.” உப்புத்தாள் போட்டுத் துடைத்தபோது கருப்புக் கட்டைக்குள்ளிருந்து வெளிறிய மரம் தெரிந்தது.

வாசித்தால் கார்டு எல்லாம் கோணல். கொஞ்சம் அமுக்கிப் பிடித்தாலே சுருதி ஏறிவிடுகிறது. இதுநாள்வரை நான் எவ்வளவு முரட்டுத்தனமாக அமுக்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. மாமா வாங்கிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பழகியதும் ஒரு தந்தியை மெதுவாக இழுத்து, ஒன்றேகால் ஸ்வரம் ஏற்றி, அப்படியே இறக்கினார். திரும்ப ஏற்றினார். ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

கிட்டாரின் உள்ளே, ஒலித்துளை வழியாகப் பார்த்தால் தெரிகிற இடத்தில், பென்சிலால் அவர் பேரையும் ஊர்ப்பேரையும் தேதியையும் எழுதச் சொன்னேன். “இதுல என்ன இருக்கு” என்று கூச்சப்பட்டார். பிறகு காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார்.