செதிற்படைக்கு உண்மருந்து வந்த வரலாறு

நோய்களுட் சில உடலை வருத்துவதோடு அமையாது, தம் பெயராலும் மனிதனை வருத்துவன. செதிற்படை அத்தகையது. மேனாட்டார் சொரியாசிஸ் என வழங்கும் இந்நோயில் முழங்கை, முழங்கால், தலை முதலிய இடங்களிலே தோல் சிவந்து தடித்து, வெள்ளிய செதில்கள் உதிரும். நோயாளருட் சிலருக்கு விரல்மூட்டுகளும் முதுகெலும்பும் வீங்கி விறைக்கும். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. எனினும் பல நூற்றாண்டுகளாக இதனைக் குட்டநோயோடு மயங்கக் கொண்டனர். சித்த மருத்துவர் கூறும் காளாஞ்சகப்படை இதுவே என்பர் இக்காலத்தார்.

அம்மயக்கம் எத்துணைக் கொடியது என்பதை உணர இலங்கையர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1708 இல் ஒல்லாந்தர் ஹெந்தளையிற் குட்டநோயாளர் விடுதி அமைத்தனர். 1901 இல் ஆங்கில அரசு நோயாளரைப் பிரித்து வைத்தற்கெனக் கட்டளைச் சட்டமொன்றை இயற்றியது. கீழ்மாகாணத்தாருக்கோ மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருந்தது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த கோமாரியும், 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை, மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்ததே. இத்தகைய ஊரொன்றில் ஒருவன் கையிற் செதில் காணப்பட்டு, அது குட்டமென ஐயுறப்பட்டால், அவன் இழக்கக்கூடியது தோலின் நலம் மட்டுமன்று. வீடும், மணவுறவும், தொழிலும் அதனோடு போகக்கூடும். கிரந்தி என்று சொல்லி இறாலையும் கத்தரிக்காயையும் விலக்குவது ஊரார் வழக்கம். மீன்பிடித்து வாழும் கரையில் இறாலை விலக்குதல் சிறு தண்டனையன்று!

இரு நோய்களையும் ஐயமறப் பிரித்துக் காட்டிய பெருமை வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ராவுக்கு உரியது. அது 1841 இல் நிகழ்ந்தது. ஆனால் நோயைப் பிரித்தறிதல் வேறு, தீர்த்தல் வேறு. அக்காலத்தில் வாய்வழி உண்ணக் கிடைத்த மருந்து நஞ்சே. 1786 இல் இங்கிலாந்தின் தாமஸ் பவுலர் வெளியிட்ட பாடாணக் கரைசல், காய்ச்சலுக்கென வந்து, பின்னர் செதிற்படைக்கும் துளித்துளியாகக் கொடுக்கப்பட்டது. செதில் குறைந்தது மெய். ஆயின் நெடுநாள் உண்டவரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. சிலருக்குப் புற்றுநோயும் தோன்றியதை ஹச்சின்சன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக் காட்டினார்.

அடுத்த உண்மருந்தின் கதை இந்திய மண்ணோடு தொடர்புடையது. 1928 இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி, கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகைநோயை ஆராய்ந்து, மாமைற் என்னும் மதுவச் சாற்றினால் அது நீங்குதலைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அச்சாற்றில் உறைந்திருந்த பொருளே பிற்காலத்திற் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் முயற்சியை நடத்தி 1945 இல் வெற்றி கண்ட குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பராவ்.

சுப்பராவ் 1895 இல் அக்காலச் சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அதனால் ஆசிரியரின் வெறுப்புக்காளாகி, முழுப்பட்டத்துக்குப் பதிலாக அதனிற் குறைந்த சான்றிதழே பெற்றார். ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தபின் 1923 இல் பொஸ்தன் சேர்ந்தார். ஹார்வார்டில் அரிய ஆராய்ச்சிகள் செய்தும் அங்கு அவருக்கு நிலைத்த பதவி வாய்க்கவில்லை. 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவர் சங்கிரகணி போன்ற குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டவர். அந்நோயில் உடல் இழப்பனவற்றுள் போலிக் அமிலமும் ஒன்று என்பதை எண்ணும்போது, அவ்வாய்வு அவருக்கு வெறும் தொழிலாக இருந்திருக்க முடியாது.

போலிக் அமிலம் கிடைத்தபின் அதனைப்போல் உருக்கொண்டு அதன் வினையைத் தடுக்கும் பகைப்பொருள்களும் அங்கே ஆக்கப்பட்டன. அவற்றுள் அமினோப்ரெரினைக் கொண்டு 1948 இல் சிட்னி பார்பர், குருதிப்புற்று உற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நலம் தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பராவ் காலமானார், வயது 53.

அவர் காணாத திருப்பம் 1951 இல் வந்தது. மூட்டுவாத நோயாளருக்கு அமினோப்ரெரினைக் கொடுத்துப் பார்த்த கப்னரும் துணைவரும், செதிற்படையும் உடனுற்றிருந்தவரின் தோல் விரைவில் தெளிதலைக் கண்டனர். தேடியது மூட்டுக்கு, கிட்டியது தோலுக்கு. ஆனால் உலகம் அப்போது கோட்டிசோனின் புகழில் மயங்கியிருந்தமையால் இச்செய்தியைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பின்னர் அமினோப்ரெரினிலும் கேடு குறைந்த அதன் இனமாகிய மெதோற்றெக்சேற் அதன் இடத்தைப் பிடித்தது. 1964 இல் செதிற்படை மூட்டுநோயாளர் 21 பேருக்கு ஊசிவழி ஏற்றிச் சோதித்தபோது தோலும் மூட்டும் ஒருங்கே நலமுற்றன. 1972 இல் அமெரிக்க அரசு இதனைச் செதிற்படைக்குரிய மருந்தாக ஏற்றது.

தோலணுக்கள் மிகை விரைவிற் பெருகுதலை இம்மருந்து தடுக்கின்றது என்றே முதலில் எண்ணினர். உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களின் தவறான சினத்தை அது தணிக்கின்றது என்பது பிற்காலத் தெளிவு. பகைப்பொருளை உண்பவருக்கே, அதன் கேட்டைக் குறைத்தற்பொருட்டு, போலிக் அமிலமும் வேறு நாளிற் கொடுக்கப்படுதல் இவ்வரலாற்றின் சுவையான முரண்.

ஒரு செய்தியை ஈண்டு விரித்தல் வேண்டும். இம்மருந்து கிழமைக்கு ஒருநாள் மட்டும் உண்ணப்படுவது. மாத்திரையோ 2.5 மில்லிகிராம் அளவினதாய் மிகச் சிறியது. ஏனைய மாத்திரைகளைப்போல் நாள்தோறும் உண்டு, வாய் புண்ணாகிக் குருதி குன்றி மாண்டவர் பல நாடுகளிலும் உளர். ஈரலையும் குருதியையும் இடையிடையே சோதித்தல் வேண்டும், மதுவருந்துதல் தகாது, கருவுற்ற பெண்டிர் உண்ணவே கூடாது. கோமாரியில் வாழும் முதியவர் ஒருவருக்கு மருந்துறையின்மேல் ஆங்கில எழுத்துச் சுருக்கம் என்ன சொல்லும்? வெள்ளி என்றோ திங்கள் என்றோ நாட்பெயரைத் தமிழில் எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லிக் கொடுப்பதற்கு அரை நிமிடமே செல்லும்.

2014 இல் அப்பிரெமிலாஸ்ற் என்னும் வேறோர் உண்மருந்து செதிற்படைக்கும் அதன் மூட்டுநோய்க்கும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அது நாள்தோறும் உண்ணப்படுவது. ஈரலுக்கு அத்துணை அச்சம் தருவதன்று. விலையோ மிகப் பெரிது. ஆதலின் பழைய மஞ்சள் மாத்திரை இன்றும் வழக்கொழியவில்லை. சுப்பராவின் நூற்றாண்டாகிய 1995 இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.