வெட்கத்தின் பெயரில் ஒரு தமனி

வேங்கிக்காலில் நண்பர்கள் கூடிய மாலையொன்றில், சங்கப் பாடல்களில் கூச்சமின்றி வரும் 'அல்குல்' இடையா, குறியா என்று வாதிட்டோம். தீர்வு கிட்டவில்லை.

மருத்துவ நூலுக்கு இவ்வாறு மயங்கிநிற்கும் சலுகை இல்லை. அடிவயிற்றுப் பெருந்தமனி நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இரண்டாகிறது; அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகின்றன. உட்கிளையிலிருந்து புறப்படும் தமனியொன்று இடுப்புக்கூட்டை விட்டு வெளியேறி, எலும்பு முள்ளொன்றைச் சுற்றிக்கொண்டு, வேறொரு துளை வழியே கீழ்ப்பகுதிக்குள் நுழைகிறது. குதத்தின் கீழ்ப்பகுதி, அதைச் சூழ்ந்த தசைகள், ஆண் பெண் குறிகள் அனைத்துக்கும் பெரும்பாலும் இதுவே குருதி தருகிறது. பெயர் ப்யூடெண்டல் தமனி. இலத்தீனில் அதன் வேர்ச்சொல் வெட்கப்படுதலைக் குறிக்கும். 2019இன் பன்னாட்டு உடற்கூற்றுச் சொற்பட்டியல் பெண்ணின் புறவுறுப்புக்கு அச்சொல்லைக் கைவிட்டது. தமனியும் நரம்பும் இன்னும் அதைச் சுமக்கின்றன.

அத்தமனி செல்லும் தசைக்குழாயை 1836இல் விவரித்தவர் அயர்லாந்துக்காரரான பெஞ்சமின் ஆல்காக். பின்னாளில் கார்க் நகரில் பேராசிரியராக இருந்தபோது பிணங்களைப் பெறும் சட்டம் குறித்த பூசலில் பதவியிழந்தார். அமெரிக்காவுக்குப் போனவர் என்னவானார் என்பது தெரியவில்லை. பெயர் மட்டும் உடலுக்குள் தங்கிவிட்டது.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலுமா என்று கேட்போர் யாழ்ப்பாணத்தை நினைவுகொள்ளலாம். 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1850களிலேயே பிரசவ மருத்துவ நூலொன்று தமிழில் வந்தது. 1858இல் இலண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. மூலநூலுக்குப் படம் வரைந்த கார்ட்டர், அந்த 1858லேயே பம்பாய்க்கு வந்துவிட்டவர் என்பது ஒரு சுவையான உபரிச் செய்தி.

ஆண் குறியையும் பெண் குறியையும் மாணவர் முன் தமிழில் பெயரிட்டுச் சொல்ல வேண்டியிருந்த வகுப்பறை அது. பிரசவத்தில் உதிரம் நிற்காதபோது அறுவை மருத்துவர் சில வேளைகளில் இடுப்பின் உட்கிளைத் தமனியையே இருபுறமும் கட்டுகிறார். பக்கக் கிளைகள் உறுப்புகளை உயிரோடு காக்க, பாய்ச்சலின் வேகம் மட்டும் தணிகிறது. தாயின் உயிர் ஊசலாடும் அவ்வேளையில் எது எந்தக் கிளை என்பதில் இடக்கரடக்கல் செல்லாது.

இன்றும் ஈழத்துப் பாடநூல்களில் தமனி 'நாடி'தான். மணிக்கட்டில் விரல்வைத்து உணர்வதையும் நாம் அப்படித்தானே அழைக்கிறோம்!